டெக்காவுக்குப் போக 18 வெள்ளி

நேத்து ராத்திரி பேரண்ட்ஸ் கேட்வேல, அதான் சிங்கப்பூர் ஸ்கூலுங்க பெத்தவங்களுக்குத் தகவல் அனுப்புற ஆப்புல, டிங்னு மெசேஜ், பாத்தா பையனுக்கு ஸ்கூல்ல லேர்னிங் ஜர்னின்னு ஒரு படிப்புச் சுற்றுலாவாம், கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துக்கு, 18 வெள்ளி (டாலர்) கட்டணுமாம். அட, சிட்டிசன், பிஆர் (நிரந்தரவாசி) எல்லாருக்கும் அங்க நுழைவு இலவசம்தானே, ஞாயித்துக்கிழமை ஆனா டெக்கா மார்க்கெட்ல காய் வாங்கிட்டு அந்தப் பக்கமாதான நடந்து போறோம்!

கேட்டா பஸ் வாடகை, ஒர்க்‌ஷீட், சின்ன ஒர்க்‌ஷாப்புன்னு சொல்றாங்க. போன தடவை அந்த ஒர்க்‌ஷாப்புல செஞ்சு கொண்டு வந்தது ஒரு பேப்பர் விசிறி, வீட்டுக்கு வரதுக்குள்ள கோந்து விட்டுப் போச்சு.

சிட்டிசன் பிள்ளைங்களுக்காவது எடுசேவ்னு அரசாங்கம் படிப்புச் செலவுக்குப் பணம் போடுற கணக்கு இருக்கு, பிரைமரிக்கு வருஷம் 230 வெள்ளி போடுறாங்க, அதுலேர்ந்து கழிச்சுக்கலாம், நாங்க பிஆர், எங்களுக்கு அது கிடையாது, எல்லாம் கைக்காசு. டீச்சரைக் குறை சொல்லல, பாவம் முப்பது பிள்ளைங்கள மேய்க்கிறாங்க, ஆனா எதுக்கு எவ்ளோன்னு ஒரு வரி எழுதினா குறைஞ்சா போயிடும்?

சரின்னு 'சம்மதம்' அமுக்கிட்டு நிமிர்ந்தா இவன் நிக்கிறான், "அம்மா, கைச்செலவுக்கு அஞ்சு வெள்ளி?"