ஸ்தபதி என்றால் ஆர்க்கிடெக்ட் இல்லையா?

முந்தாநாள் வெளியான அந்தப் பட்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப்பேர் எனக்கே அனுப்பியிருந்தீர்கள், நன்றி. இன்றைய தமிழ்நாட்டைக் கட்டிய கட்டடக் கலைஞர்களாம். அதில் வை. கணபதி ஸ்தபதியின் பெயர் இல்லை. ஸ்தபதி என்றால் கோயிலையும் சிலையையும் மரபு முறையில் வடிவமைத்து எழுப்புகிறவர். கைதவறி விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மரியாதையாகத்தான் கேட்டேன். வந்த பதில் இது: "அவர் ஸ்தபதி சார், சிலை செய்யறவர். நாங்க ஆர்க்கிடெக்ட் பத்திப் போட்டிருக்கோம்."

இரண்டு நாளாக இந்த ஒரு வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மறந்துவிட்டோம் என்று சொல்லியிருந்தால் சரி என்று போயிருப்பேன். மறக்கவில்லை, யோசித்துத்தான் விட்டிருக்கிறார்கள்.

கணபதி ஸ்தபதி ஆர்க்கிடெக்ட்தான். 1927-இல் பிள்ளையார்பட்டியில் கல் வேலைக் குடும்பத்தில் பிறந்தவர். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியை முதலில் நடத்திய வைத்தியநாத ஸ்தபதியின் மகன். அப்பாவுக்குப் பின் 1961-இல் பொறுப்பேற்று 1988 வரை அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். சென்னையில் வள்ளுவர் கோட்டத்துத் தேர், பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம், குமரிமுனையில் வள்ளுவர் சிலை. ஹவாயில் கவாய் தீவில் இருக்கும் இறைவன் கோயிலும் அவர் வடிவமைப்புதான். அதன் கற்களைப் பெங்களூரில் கையால் செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். 2023-இல் குடமுழுக்கு நடந்தபோது அவர் இல்லை, 2011-லேயே போய்விட்டார். 2009-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். இத்தனை செய்த மனிதர் இவர்களுக்கு 'சிலை செய்யறவர்'.

சரி, சிலையையே எடுத்துக்கொள்வோம். 133 அடி, அதில் பீடம் 38, சிலை 95 என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், மற்ற இரண்டு பாலுக்கும் சேர்த்து 95. ஆனால் அது எப்படி நிற்கிறது என்று யாராவது கேட்டோமா? மொத்தம் 7,000 டன் கல். ஒரே கல்லில் செதுக்கியது இல்லை, ஆயிரக்கணக்கான கற்களைக் கோத்து எழுப்பியது. உள்ளே வெற்றுக் கூடு. அதன்மேல் இடுப்பில் ஓர் ஒசிவு வேறு. நேராக நிற்கிற தூணை எழுப்புவதே பாடு, இவர் வளைந்து நிற்கிற உருவத்தைக் கடலுக்கு நடுவில், ஓயாமல் காற்றடிக்கிற பாறைமேல் நிறுத்தியிருக்கிறார். 2000 சனவரி 1 அன்று திறந்தார்கள். ஐந்தாம் வருடம் முடிவதற்குள், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. சிலை அப்படியே நின்றது. எடை எங்கே இறங்கும், காற்று எங்கே தள்ளும், எந்தக் கல் எந்தக் கல்லைப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டவரை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நான் கட்டடக்கலை படித்தவன். ஐந்து வருடப் படிப்பில் சண்டிகரை வடிவமைத்த கார்பூசியேவைப் பற்றி எத்தனை வகுப்பு என்று எண்ணி முடியாது. கணபதி ஸ்தபதியின் பெயரை ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை. எங்கள் கல்லூரியிலிருந்து அவருடைய கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்துவிடலாம். ஒரு நாளும் கூட்டிப்போனதில்லை.

மூன்றாம் வருடம் ஒரு கல்மண்டபம் வரையச் சொன்னார்கள். வரைந்த தாளைச் சுருட்டிக்கொண்டு நானாகத்தான் மாமல்லபுரம் போனேன். சாலையோரப் பட்டறை ஒன்றில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். புருவம், காது மடல் எல்லாம் கல்தூசி. தாளை விரித்துக் காட்டினேன். தொடவில்லை, கை தூசியாக இருக்கிறதென்று உளியின் பின்பக்கத்தால் ஓர் இடத்தைக் காட்டினார். "தம்பி, இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் எவ்வளவு?" இருபதடி என்றேன். "உன் கோடு தாங்கும். கல் தாங்காது. மேலே உத்தரம் வெச்சா நடுவுல அடிப்பக்கம் விரிஞ்சிடும். தூணைக் கிட்ட கொண்டா, தூண் தலையில இருக்கிற போதிகையை ரெண்டு பக்கமும் வெளியே நீட்டு, அது பாதி தூரத்தைத் தின்னுடும்."

கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது என்று அதற்கு முந்தைய வருடம் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் தூணின் தலையில் போதிகை எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அவர் குமரியில் வள்ளுவர் சிலைக்கு வேலை செய்தவர். நீங்கள் செதுக்கியது எந்தக் கல், விரலா, முகமா என்று ஆசையாகக் கேட்டேன். "உள்ளே இருக்கிற கல்லு தம்பி, வெளியே தெரியாது" என்றார். அந்தக் குரலில் குறையே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

இனி வழக்கமான பதில்கள் வரும். 1972-ஆம் வருடக் கட்டடக் கலைஞர் சட்டப்படி பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். தெரியும், நானும் பதிவு செய்தவன்தான். அந்தச் சட்டம் இன்றைக்குத் தொழில் செய்கிறவன் பெயர்ப்பலகையில் எதைப் போடலாம் என்பதற்கு. வரலாற்றில் யாரை நினைவு வைத்துக்கொள்வது என்பதற்கு இல்லை. அந்தக் கார்பூசியே கட்டடக்கலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. ஜப்பானின் தடாவோ ஆண்டோவும் தானே கற்றவர். அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. நம் ஊர்க்காரரிடம் மட்டும் கேட்கிறோம்.

கணபதி ஸ்தபதி வாஸ்து, புராணத்துத் தச்சன் மயன் என்றெல்லாம் பேசினாரே என்பார்கள். நம் மயனையும் மத்திய அமெரிக்க மாயர்களையும் அவர் முடிச்சுப் போட்டதில் எனக்கும் உடன்பாடில்லை. அதனால் சிலை சாய்ந்துவிடவில்லை. அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி நியாயமானது. இது பரம்பரைத் தொழில், இதைப் புகழ்வது சாதியைப் புகழ்வதாகாதா என்று ஒரு நண்பர் நேற்று இரவு போனில் கேட்டார். உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்குள் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் போன வித்தைதான் இது, மறுக்கவில்லை. ஆனால் அதை அரசுக் கல்லூரியில் வைத்து, விண்ணப்பம் போட்டுச் சேருகிற பிள்ளைகளுக்கு இருபத்தேழு வருடம் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தானே? இது முழுப் பதில் ஆகாது என்று எனக்கே தெரிகிறது. அப்புறம் இதையும் சொல்ல வேண்டும். கையில் தூசி படுகிறவன் கைவினைஞன், மேசையில் கோடு போடுகிறவன் கலைஞன் என்று பிரிப்பதற்குப் பின்னால் இருப்பது என்ன? அதுவும் சாதிதான்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அதைக் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன். அரசன் தன் பெயரையே அவருக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறான். ஆயிரம் வருடம் கழித்து ஒரு பட்டியலில் ஒரு வரி கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. இத்தனைக்கும் ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ஆர்க்கி' என்றால் தலைமை, 'டெக்டோன்' என்றால் தச்சன். பெருந்தச்சன் என்றுதான் அதற்குப் பொருள்! நாங்கள் அட்டையில் அச்சடித்து நீட்டுகிற பெயரே அவருடையதுதான்.

போன வருடம் மகளைக் குமரிக்குக் கூட்டிப்போனேன். விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்குப் போகிற புதுக் கண்ணாடிப் பாலத்தில் நல்ல கூட்டம். காலுக்குக் கீழே கடல் தெரிகிறதென்று எல்லோரும் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிலையடியில் மண்டபத்துச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். உச்சிவெயிலிலும் உள்பக்கம் குளிர்ச்சியாக இருந்தது. "இதை யாருப்பா கட்டினாங்க?" என்று மகள் கேட்டாள். கணபதி ஸ்தபதி என்று சொன்னேன். பட்டறைப் பெரியவரின் பெயரையும் சொல்ல நினைத்தேன். அன்றைக்கு அவர் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

பட்டியல் போட்டவர்களுக்கு நேற்று விரிவாக ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. நாளை மறுபடி எழுதுவேன்.