உயிரைக் காப்பாற்றியதோடு கடமை முடிந்துவிட்டதா?

பக்கவாதம் வந்தவரை நம் அரசு ஆஸ்பத்திரிகள் எப்படியோ பிழைக்க வைத்துவிடுகின்றன. கைவிடுவது அதற்குப் பிறகுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனசு ஆறவில்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தாத்தாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் குழறியது. கட்டில் வேறு நோயாளிக்குத் தேவை என்று சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரை எப்படித் தூக்குவது என்று மகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விளங்காத கையைப் பிடித்து இழுத்துத்தான் தினமும் உட்கார வைத்தார். தோள்மூட்டு இறங்கிவிட்டது. வலியில் தாத்தா பயிற்சியே வேண்டாம் என்றார். ரசம் கொடுத்தால் புரையேறும். தண்ணீராக இருப்பது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம், கூழ் பதத்தில் கெட்டியாகக் கொடுப்பதே பலருக்கு நல்லது என்பதும் அந்த வீட்டில் தெரியாது.

பிறகு தெரிந்த பிசியோ (இயன்முறை சிகிச்சை) அக்கா ஒருவர் வந்து காட்டினார். அவர் இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டு, அவர் முழங்காலுக்கு உன் முழங்காலை முட்டுக் கொடு, முன்னால் சாயவிட்டு எழுப்பு. அவ்வளவுதான். இதை வார்டிலேயே காட்டியிருக்கக் கூடாதா?

கை கால் மீண்டு வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான். அந்த மாதங்கள்தான் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருப்பதில் போகின்றன. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், நாட்டில் நூற்றுக்குச் சுமார் 16 பேர், தனியார் மையத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் வீல்சேரைத் தூக்கிக்கொண்டு மினிபஸ் டாக்ஸி ஏற வேண்டும். சில டிரைவர்கள் வீல்சேருக்கும் தனியாகக் காசு கேட்கிறார்கள்.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பிசியோ, பேச்சுப் பயிற்சி படித்தவர்கள் ஓராண்டு அரசுச் சேவை செய்தாக வேண்டும் என்பது 2003 முதல் இருக்கிறது. அந்த ஆண்டு முடிந்ததும் சம்பளத்துக்குப் பணமில்லை என்று பலரை வெளியே அனுப்புகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 2024 மே மாதம், எல்லாருக்கும் சிகிச்சை கிடைக்கச் செய்வதற்கான தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டார். அது நடைமுறைக்கு வரும் வரை படுக்கையில் கிடப்பவர் காத்திருக்க முடியுமா? காசநோய் மாத்திரை விசாரிக்க வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்தத் தூக்கும் முறையையும் ஊட்டும் முறையையும் கற்றுக்கொடுங்கள். வீட்டார் ஒருமுறை செய்து காட்டிய பிறகே நோயாளியை அனுப்புங்கள்.

இன்னொன்று. முதியோர் அல்லது ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்குபவருக்கு எந்நேரமும் ஆள் துணை தேவைப்பட்டால், அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாசா (SASSA) அலுவலகத்தில் ‘கிராண்ட் இன் எய்ட்’ என்று தனியாகத் தருகிறார்கள். 2024இல் அது மாதம் 530 ரேண்ட். தெரியாமல் விட்டவர்கள் நிறைய. டாக்டர் சான்றிதழோடு போய்க் கேளுங்கள்.