நட்டது நான், நிவாரணம் பட்டாவுக்கு

சேத்துல இறங்கி நட்டது நான். உரக்கடையில கடன் சொன்னது நான். வெள்ளம் வடிஞ்சப்புறம் அழுகின பயிரோட நாத்தத்துல நின்னதும் நான்தான். நிவாரணப் பணம் மட்டும் சென்னையில இருக்கற நிலத்துக்காரர் கணக்குல போய் விழுந்திருக்கு. இதுக்குப் பேரு விவசாயி நிவாரணமா?

எங்க ஊரு விழுப்புரம் மாவட்டம், தென்பெண்ணைக் கரை. ரெண்டு காணி, அதாவது ரெண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல, குத்தகைக்கு எடுத்து சம்பா போட்டிருந்தேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறுச்சு. அந்த மழையையாவது எப்படியோ தாங்கியிருப்போம். டிசம்பர் 2 விடியக்காலையில எங்க ஆத்துக்கு மேல இருக்கற சாத்தனூர் அணையிலேருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணியைத் திறந்துட்டாங்க. கதிர் வெளிய வந்து பால் பிடிக்கற நேரம். தண்ணி வடிஞ்சதும் போய் ஒரு கதிரை உருவிப் பாத்தேன். விரல்ல மணியே தட்டுப்படல, வெறும் பதர். வாய்க்காலை ஒட்டின பக்கம் பயிரே தெரியல, முழங்கால் உயரத்துக்கு மணல் மூடிக் கெடந்துச்சு.

33 சதவீதத்துக்கு மேல சேதம்னா இறவை நெல்லுக்கு, அதாவது பாசனத்துல விளையற நெல்லுக்கு, ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்னு அறிவிச்சாங்க. கணக்குப் போட்டா ஏக்கருக்கு ஏழாயிரம் கூட வரல. நடவுக் கூலிக்கும் உழவுக்குமே காணாது. சரி, அதாவது வரட்டும்னு இருந்தேன்.

கணக்கெடுக்க வந்தாங்க. வரப்புல நின்னே பாத்தாங்க. என்னைத் தெரியாதவங்களா? வருஷா வருஷம் அந்த வயல்ல என்னைத்தான் பாக்கறாங்க. ஆனா கேட்டது பட்டா, அடங்கல் (எந்த வயல்ல யார் என்ன பயிர் வெச்சிருக்காங்கன்னு எழுதற ஊர்க் கணக்கு), ஆதார், பாஸ்புக். "பட்டா யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தாங்க போடுவோம், நீங்க அவர்கிட்ட பேசிக்குங்க"ன்னாங்க. பேசினேன். "வரட்டும், பாத்துக்கலாம்"னாரு. பணம் ஏறினதுக்கப்புறம் போனையே எடுக்கல. பொங்கல் கழிஞ்சு அவரே கூப்பிட்டாரு, குத்தகை பாக்கி எப்பன்னு கேக்க!

அவரைத் திட்டி என்ன ஆகப்போகுது? இப்படி ஒரு வழியை வெச்சிருக்கறது யாரு? குத்தகைதாரர் பேரைப் பதிவு பண்ணணும்னு 1969லயே சட்டம் போட்டுட்டாங்க. ஆனா பதிவுன்னு வாயைத் திறந்தா மறுநாளே "நெலத்தை விட்டுடுப்பா"ன்னு சொல்லிடுவாரு. அந்த பயத்துல எல்லாமே வாய்ப்பேச்சு. சீட்டு இல்ல, ரசீது இல்ல. அதனால சொசைட்டியில பயிர்க்கடன் கிடையாது, வீட்டுக்காரம்மா தோட்டைத்தான் அடகு வெச்சேன். மத்திய அரசு வருஷத்துக்குக் குடுக்கற 6,000 ரூபாயும் நெலம் பேர்ல இருக்கறவங்களுக்குத்தான். எந்தப் பக்கம் போனாலும் பட்டா, பட்டா, பட்டா. வெள்ளம் அடிச்சுட்டுப் போனது பட்டாவையா, என் பயிரையா?

பயிருக்கான நிவாரணம்னா பயிர் வெச்சவனுக்குக் குடுங்க. நெலத்துக்காரர் கையெழுத்துக்காக எங்களைக் காக்க வைக்காதீங்க. அக்கம்பக்கத்து வயல்காரங்க நாலு பேரைக் கூப்பிட்டு "இங்க நட்டது யாரு?"ன்னு கேளுங்க, ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. தெருவுக்கே தெரிஞ்ச விஷயம் தாசில்தார் ஆபீசுக்கு மட்டும் தெரியாதா?

அடகு வெச்ச தோடு இன்னும் மீளல. மணலை வண்டி வெச்சு அள்ளினேன், அதுவும் என் காசுதான். இந்தப் பட்டத்துக்கும் அதே ரெண்டு காணிக்கு நாத்து விட்டிருக்கேன். அடங்கல்ல இன்னும் அவர் பேர்தான் இருக்கு.