740 பேர் ஊரில் ஒரு கோர்ட்ஹவுஸ்

போன வாரம் ஒரு நண்பர், 2007இல் டொர்னாடோ என்ற சுழற்காற்றில் தரைமட்டமாகிப் பசுமையாகத் திரும்பக் கட்டப்பட்ட அமெரிக்க ஊரான கிரீன்ஸ்பர்க் பற்றி எங்கோ பார்த்ததைச் சொல்லி, "பசுமை நகரம்னு அவ்வளவு பெருமை பேசினாங்களே, பாதி ஊர் திரும்பி வரவே இல்லையாமே" என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே போட்டுவிடுகிறேன்.

விச்சிட்டாவிலிருந்து 54ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே நூறு மைலுக்குக் கொஞ்சம் மேல் போனால் வரும் ஊர் கிரீன்ஸ்பர்க். கிங்மன், பிராட், ஹாவிலண்ட் எல்லாம் தாண்ட வேண்டும். கான்சஸ் மாநிலத்தின் கயோவா கவுண்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு பிரிவுக்கு, இதுதான் தலைநகர். தலைநகர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 740. கவுண்டி முழுவதையும் சேர்த்தாலே 2,460 பேர்தான். வழியெல்லாம் வயல். ஓர் ஊர் வருகிறது என்பதைப் பெயர்ப்பலகைக்கு முன்பே அதன் கான்கிரீட் தானியக் குதிர் சொல்லிவிடும்.

நான் முதலில் போனது எல்லோரையும் போலக் கிணறு பார்க்கத்தான். 'பிக் வெல்' என்பார்கள். 1887இல் தொடங்கி 1888இல் முடித்தது. ஆழம் 109 அடி, குறுக்கே 32 அடி. ரயிலுக்கும் ஊருக்கும் தண்ணீர் வேண்டும் என்று மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆட்கள் இறங்கித் தோண்டியிருக்கிறார்கள். 1932 வரை ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. கிணறுகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு, கிணறு பார்க்க டிக்கெட் வாங்கியது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சுழல் படிக்கட்டில் இறங்கி, அந்தக் கல்கட்டைப் பக்கத்தில் பார்த்ததும் வாய் அடங்கிவிட்டது. மேலே அருங்காட்சியகத்தில் சுமார் ஆயிரம் பவுண்டு எடையுள்ள ஒரு விண்கல்லும் இருக்கிறது. 1949இல் இந்த வட்டாரத்து வயலில் கிடைத்தது. 1880களில் எலைஸா கிம்பர்லி என்ற விவசாயி வீட்டுப் பெண் வயலில் கிடந்த கறுப்புக் கற்களைப் பொறுக்கிச் சேர்க்க, ஊரே சிரித்ததாம். 1890இல் ஒரு பேராசிரியர் வந்து பார்த்து, அவை விண்கற்கள் என்று சொல்லிக் காசு கொடுத்து வாங்கிப் போனார். அப்புறம் யார் சிரித்திருப்பார்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2007 மே 4, இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டொர்னாடோ இந்த ஊர் மேல் ஏறியது. அகலம் 1.7 மைல். காற்றின் வேகம் மணிக்கு 205 மைல் என்று மதிப்பிட்டார்கள். அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்த புதிய அளவுகோலில் உச்சபட்சமான இ.எஃப்.5 தரம் பெற்ற முதல் டொர்னாடோ அதுதான். ஊரில் 95 விழுக்காடு தரைமட்டம். 11 பேர் இறந்தார்கள். இருபது நிமிடத்துக்கு முன்பே சைரன் ஊதியதால் மற்றவர்கள் நிலவறைக்குள் இறங்கித் தப்பினார்கள். இல்லையென்றால் அந்த எண்ணை நினைத்துப் பார்க்கவே முடியாது. விடிந்து பார்த்தபோது உயரமாக நின்றவை சொற்பம். தானியக் குதிர் நின்றது. அடிபட்டு, ஆனாலும் விழாமல், நீதிமன்றமும் கவுண்டி அலுவலகங்களும் இருக்கும் கோர்ட்ஹவுஸ் நின்றது.

அதற்கப்புறம் நடந்ததுதான் உலகுக்குத் தெரிந்த கதை. ஊரைப் பசுமையாகக் கட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். நாலாயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டடம் எதுவானாலும் 'லீட்' என்ற பசுமைக் கட்டடச் சான்றின் உச்சமான பிளாட்டினம் தரத்தில்தான் இருக்க வேண்டும் என்று 2007 டிசம்பரில் தீர்மானம் போட்டார்கள். அமெரிக்காவில் அப்படி முடிவெடுத்த முதல் ஊர் இது. கான்சஸ் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலை மாணவர்கள் ஒரு கலைமையம் கட்டிக் கொடுத்தார்கள். பெயர் '5.4.7', அதாவது அந்த நாளின் தேதி. ஊருக்கு வெளியே பத்துக் காற்றாலைகள், மொத்தம் 12.5 மெகாவாட். தெருவிளக்கு எல்லாமே எல்இடி. புஷ் 2008இல் இதே மே 4ஆம் தேதி வந்து உயர்நிலைப் பள்ளியின் பட்டமளிப்பில் பேசினார். அடுத்த ஆண்டு ஒபாமா அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பேசும்போது இந்த ஊரின் பெயரைச் சொன்னார். இத்தனைக்கும் இங்கே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். 'பசுமை' என்ற சொல்லே முதலில் சிலருக்குக் கசந்தது என்பார்கள். ஊரின் பெயரிலேயே 'கிரீன்' இருக்கிறது. உண்மையில் அது குதிரைவண்டி சர்வீஸ் நடத்திய 'கேனன்பால்' கிரீன் என்பவரின் பெயர். மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

இங்கேதான் நண்பரின் கேலி வந்து நிற்கிறது. 2000இல் 1,574 பேர் இருந்த ஊர் 2010இல் 777, 2020இல் 740. பசுமை தோற்றுவிட்டதா?

அந்தக் கணக்கை அப்படிப் போடக்கூடாது என்பது என் கட்சி. 1960இல் இதே ஊரில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். அதாவது புயலுக்கு முன்பே நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக ஊர் கரைந்துகொண்டுதான் இருந்தது. கிரீன்ஸ்பர்க்குக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 160 ஏக்கருக்கு ஒரு குடும்பம் என்று குடியேறிய மண் இது. இன்று ஒரே குடும்பம் சில ஆயிரம் ஏக்கரை ராட்சத இயந்திரங்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறது. நிலம் அப்படியே இருக்கிறது, விளைச்சலும் இருக்கிறது, ஆள்தான் தேவையில்லை. ஆள் இல்லாவிட்டால் மளிகைக் கடை எதற்கு, சலூன் எதற்கு? முப்பது ஆண்டுகளில் மெல்ல நடக்க வேண்டியதை டொர்னாடோ ஓர் இரவில் நடத்திவிட்டது.

திரும்பி வராதவர்களின் கணக்கும் சோலார் தகட்டில் இல்லை. ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய வீடு. கடன் எப்போதோ அடைந்துவிட்டது. அதன் சந்தை விலைக்குத் தகுந்த சின்னக் காப்பீடு. வீட்டுக்காரருக்கு எழுபத்தைந்து வயது. வந்த பணத்தில் புது வீட்டில் பாதிகூடக் கட்ட முடியாது. மீதிக்கு அந்த வயதில் முப்பது வருடக் கடன் வாங்குவாரா? முப்பது மைலில் இருக்கும் பிராட்டில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். வாடகைக்கு இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். மலிவான பழைய வீடுகள்தான் வாடகை வீடுகளாக இருந்தன. அவையே போய்விட்டன. தனி வீடுகளுக்கு லீட் கட்டாயம் எதுவும் கிடையாது, அதனால் அந்தப் பழியையும் பசுமை மேல் போட முடியாது. மாறாக, ஊரின் புதிய கட்டடங்கள் 13 சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் டாலர் எரிசக்திச் செலவை மிச்சப்படுத்துவதாக அரசின் எரிசக்தி ஆய்வகம் கணக்குச் சொன்னது. 740 பேர் ஊருக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஆனால் பசுமைதான் ஊரைக் காப்பாற்றியது என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. நான் போய்ப் பார்த்த வரையில், இந்த ஊரைக் காப்பாற்றியது கோர்ட்ஹவுஸ்.

கான்சஸில் 105 கவுண்டிகள். வண்டி கட்டிக்கொண்டு போய், பத்திரம் பதிந்து, வரி கட்டி, இருட்டுவதற்குள் வீடு திரும்பும் தூரத்தில் தலைநகர் இருக்க வேண்டும் என்ற காலத்துக் கணக்கு. அந்தப் பட்டம் எந்த ஊருக்கு என்பதற்காக 1880களில் இந்த மாநிலத்தில் துப்பாக்கிச் சண்டையே நடந்திருக்கிறது. ஸ்டீவன்ஸ் கவுண்டியில் 1888இல் அந்தப் பகையில் நாலு பேரைக் கொன்றார்கள். 1889 ஜனவரியில் கவுண்டிப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு போக இங்கால்ஸ் ஊர்க்காரர்கள் சிமரானுக்குள் புகுந்து, தெருவில் சுட்டுக்கொண்டார்கள். நாலு கணக்குப் புத்தகத்துக்கா இவ்வளவு என்று முதலில் எனக்குத் தோன்றியது. கிரீன்ஸ்பர்க்கைப் பார்த்த பிறகு அவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை என்று புரிந்தது.

தலைநகர் என்றால் ஷெரிஃப் இருப்பார், நீதிமன்றம் இருக்கும், பொருளாளர் இருப்பார், பத்திரப் பதிவு இருக்கும். அதை ஒட்டியே ஆஸ்பத்திரியும் பள்ளியும் வரும். சம்பளமும் காப்பீடும் தரும் வேலைகளில் பெரும்பங்கு இவற்றில்தான். டொர்னாடோவுக்குப் பிறகு இந்த அலுவலகங்களை இங்கேயே திரும்ப நிறுத்த வேண்டும் என்பதில் பெரிய கேள்வியே எழவில்லை. கூடாரத்தில் வைத்தியம் பார்த்த கவுண்டி ஆஸ்பத்திரி 2010இல் புதுக் கட்டடத்துக்குப் போனது. அந்த வகைச் சிறு கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் லீட் பிளாட்டினம் பெற்ற முதலாவது அது. பிள்ளைகள் டிரெய்லர்களில் படித்துக்கொண்டிருந்த பள்ளிக்கும் அதே ஆண்டு கட்டடம் வந்தது. பெயரே 'கயோவா கவுண்டிப் பள்ளி', கிரீன்ஸ்பர்க் பள்ளி இல்லை. மேற்கே பத்து மைலில் உள்ள முல்லின்வில்லின் பள்ளி மாவட்டம் அப்புறம் இதோடு சேர்ந்துவிட்டது. அந்த ஊரில் இப்போது ஏறத்தாழ இருநூறு பேர். (அந்தப் பக்கம் போனால் சாலையோரம் எம். டி. லிகெட் செய்து நட்ட இரும்புச் சிற்பங்களைப் பாருங்கள். அரசியல்வாதிகள் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை மனிதர்.) அதே டொர்னாடோ பத்து மைல் தள்ளி முல்லின்வில் மேல் ஏறியிருந்தால் யார் வந்து கட்டியிருப்பார்கள்? இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. தெருக்கள் ஊரை விடப் பெரியதாகத் தெரிகின்றன. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே புல் முளைத்த காலி மனைகள். நெடுநெடுவென்று வளர்ந்த பழைய மரங்கள் போனதால், நிற்பவை பெரும்பாலும் பிறகு நட்ட ஒரே வயது மரங்கள். ஆகஸ்டு வெயிலில் நடந்து பார்த்தால் தெரியும். பிரதான தெருவில் மதியம் இரண்டு மணிக்கு என் கார் கதவைச் சாத்திய சத்தம்தான் பெரிய சத்தம்.

கோர்ட்ஹவுஸுக்குள் நான் போனது கழிப்பறை தேடித்தான், மறைப்பானேன். நூறாண்டு கடந்த கட்டடம், புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நல்ல குளிர்ச்சி. பொருளாளர் கவுண்டரில் வண்டி நம்பர் புதுப்பிக்க மூன்று பேர் நின்றார்கள். கடைசியில் நின்ற பெரியவர், தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னையும் வரிசையில் வந்தவன் என்று நினைத்து இடம் விட்டார். "இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, நாளைக்கு வந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்.