ஹோனிங் செய்தால் எந்தத் துருவும் போய்விடுமா?

நெடுநாள் கிடப்பில் இருந்த என்ஜின் பிளாக்கின் சிலிண்டர் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், டிரில் மெஷினில் ஹோனை (சிலிண்டரின் உட்சுவரைத் தேய்க்கும் கருவி) மாட்டி ஓட்டினால் புதியதுபோல் ஆகிவிடும் என்றொரு கூற்று பரவி வருகிறது. இது பாதி உண்மைகூட இல்லை.

ஹோனிங் என்பது பிஸ்டன் ரிங் படியவும் எண்ணெய் தங்கவும் ஏற்ற குறுக்குக் கீறல்களை இடும் வேலை. அது மேலே படிந்த செந்துருவை அகற்றும், ஆனால் துரு அரித்த குழிகளை நிரப்பாது. குழி மறையும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தால் சிலிண்டர் துளையின் விட்டம் பெருகி, ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்காகவே இருக்க வேண்டிய, பிஸ்டனுக்கும் சுவருக்குமான இடைவெளி வரம்பு மீறிவிடும். வளைந்துகொடுக்கும் நெகிழ் ஹோனோ ஏற்கெனவே உள்ள வடிவத்தையே பின்பற்றுவதால், கோணலாகத் தேய்ந்த துளையை அது நேராக்குவதுமில்லை.

லேசாக ஹோன் செய்தபின் சுவரில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டாத கருங்கறை பெரும்பாலும் தீங்கற்றது (அதைப் பார்த்துப் பதறி பிளாக்கையே கழிப்பவர்களும் உண்டு). ரிங் ஓடும் பகுதியில் நகம் தட்டினால், போர் கேஜால் (துளையின் விட்டத்தை அளக்கும் கருவி) மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களிலும் இரு திசைகளில் அளந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்ப ரீபோர் செய்வதே (துளையைப் பெரிதாகக் கடைவதே) வழி. அதற்கும் அடங்காத குழிக்கு ஸ்லீவ் (துளைக்குள் பொருத்தும் புதிய உருளை) போட வேண்டும். நிக்கசில் என்னும் கடினமான நிக்கல் பூச்சுள்ள அலுமினிய சிலிண்டருக்கு இவை பொருந்தா.

ஹோன் செய்தபின் பெட்ரோலால் கழுவினால் போதும் என்பதும் தவறே: கீறல்களில் சிக்கிய ஹோனின் தேய்ப்புத் தூளை வெந்நீரும் சோப்பும் கொண்டு தேய்த்து, எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஏறாமல் போகும்வரை துடைக்க வேண்டும்.