2.42 என்ற எண்ணைச் சொல்லியிருக்கலாம்

குவாண்டம் பின்னல், அதாவது இரு துகள்களின் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், ஒரு துகளை அளந்ததும் தொலைவில் இருக்கும் இணைத் துகளுக்கு உடனே செய்தி போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. இதை வைத்து ஒரு செய்தியும் அனுப்ப முடியாது. ஒரு பக்கத்து முடிவுகளை மட்டும் பார்த்தால் காசு சுண்டியது போலத்தான் இருக்கும். இரு பக்கப் பதிவுகளையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் ஒற்றுமை தெரியும்.

அந்த ஒற்றுமையை ஓர் எண்ணாக அளந்து அதற்கு வரம்பு சொல்லும் விதியும் உண்டு, 1969இல் வந்த சிஎச்எஸ்எச் (CHSH) சமனிலி. முடிவுகள் அந்தந்த இடத்திலேயே முன்கூட்டித் தீர்மானமாகியிருந்தால் அந்த எண் 2ஐத் தாண்டாது. குவாண்டம் விதிகளோ சுமார் 2.83 வரை அனுமதிக்கின்றன. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கி.மீ. இடைவெளியில் இரண்டு வைரங்களில் உள்ள எலக்ட்ரான்களை, ஒளி மறுமுனைக்குப் போய்ச் சேருமுன்பே அளந்து முடித்தார்கள். 245 முறை அளந்ததில் கிடைத்தது 2.42, அதாவது 2ஐத் தாண்டிவிட்டது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த எண் அதுதான். அடுத்த பகுதியிலாவது அவசியம் சேருங்கள்.