உள் தகட்டைக் கழற்றும் முன்
பழைய ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரில் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் அமெரிக்க வீட்டு வண்டி) வெளியே மின்னும் அலுமினியக் கூட்டைக் காப்பாற்றினால் போதும், உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மரச்சுவர் அடிக்கலாம் என்று இவற்றைப் புதுப்பிப்பது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1950, 60களின் வண்டிகளில் உள் தகடு வெறும் அலங்காரம் இல்லை. விமான உடலைப் போல வெளித்தகடு, வளைந்த சட்டங்கள், உள் தகடு மூன்றும் ரிவெட்டால் (தகடுகளை இணைக்கும் தறையாணி) பிணைந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. ஒஹாயோவில் என் நண்பர் வாங்கிய வண்டியில் முந்தைய உரிமையாளர் உள் தகட்டை எடுத்துவிட்டுப் பலகை அடித்திருந்தார். எடை கூடியது, கூட்டின் விறைப்பு போனது, ரிவெட்டுகள் தளர்ந்து மழைநீர் இறங்கித் தரைப் பலகையின் ஓரமெல்லாம் உளுத்துவிட்டது. அதே சமயம் சக்கர அச்சு விஷயத்தில் அசலைப் பிடித்துத் தொங்கவே கூடாது. 60களில் வந்த அச்சுகளில் குலுக்கலைத் தாங்க உள்ளே இருக்கும் ரப்பர் காலப்போக்கில் இறுகிவிட்டால் குலுக்கல் முழுவதும் கூட்டுக்குத்தான் போகும், அதனால் அச்சைத் தயங்காமல் மாற்றுங்கள். அப்புறம், கழிவுநீர்த் தொட்டி சேர்த்தால் வண்டியின் மதிப்பு போய்விடும் என்று மேலே உள்ள கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். 60களின் மாடல்களில் கழிப்பறைக்குத் தொட்டி உண்டு, ஆனால் பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்குப் பொதுவாகக் கிடையாது. இன்று வண்டியை நிறுத்தித் தங்கும் பெரும்பாலான முகாம்களில் அந்தத் தண்ணீரைத் தரையில் விட அனுமதி இல்லை. தரைப் பலகையை மாற்றும்போதே சேஸிக்கு (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில் தொட்டியைப் பொருத்திவிட்டால் வெளித்தோற்றம் கொஞ்சமும் மாறாது.